மீண்டெழும் மலக்குடற் புற்றும் சத்திர சிகிச்சையும்

நன்னூல் பயிலும் மாணாக்கர் தகுதி வழக்கு மூவகைப்படும் என்பதை நன்கறிவர். அவையில் வெளிப்படக் கூறலாகாதவற்றை வேறொரு சொல்லால் மறைத்துக் கூறுதல் இடக்கரடக்கல். அமங்கலத்தை ஒழித்து மங்கலமாகக் கூறுதல் மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்குஞ் சொல் குழூஉக்குறி. மலங்கழுவச் செல்வோன் கால்கழுவி வருவதாகச் சொல்லுதலும், செத்தாரைத் துஞ்சினார் என்றலும் வகுப்பில் நமக்குக் காட்டப்படும் உதாரணங்கள். இவ்வழக்குகள் அவைக்கு அழகு தருவன என்பதில் ஐயமில்லை. ஆயினும், மருத்துவர் முன்னிலையிலும் இவற்றைக் கைவிடாதவருக்கு உயிர்க்கேடே நேரக்கூடும் என்பதைக் காட்டும் நோய் ஒன்றுண்டு. அது மலக்குடலில் தோன்றும் புற்றுநோய்.

அந்நோய் ஒருமுறை சத்திரஞ் செய்து அகற்றப்பட்ட பின்னர் அதே இடத்தில் மீண்டெழுமாயின், நோயாளியும் சுற்றத்தாரும் வைத்தியரும் எவ்வளவு தெளிவாகப் பேசிக்கொள்கின்றனரோ அவ்வளவே நன்மை விளையும். அந்நோயின் மீட்சியையும், அதற்குச் செய்யப்படும் சத்திர சிகிச்சையின் பயனையும் எல்லையையும் இயன்றவரை எளிமையாக விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் ஒருவன் சத்திர வைத்தியத்தைப் பற்றி எழுதப் புகுவது தகுமோ என வினவுவோர் இருக்கலாம். நோயின் பெயரையும் அது தோன்றும் உறுப்பின் பெயரையும் தாய்மொழியிற் கூசாமற் சொல்லப் பழக்குதல் தமிழ் மாணவனுக்கும் உரிய பணியே என்பது எம் விடை.

நம் தமிழகத்தில் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறே மலக்குடற் புற்றினின்று தொடங்கிற்று எனலாம். புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை அறியாதார் இலர். அவ்வம்மையாரின் தங்கை இளம்வயதிலேயே மலக்குடற் புற்றுக்கு இரையாகி 1923-ல் உயிர் நீத்தார். தாமே மருத்துவராயிருந்தும் தம் உடன்பிறந்தாளைக் காக்கவியலாத துயரம் அம்மையாரின் நெஞ்சை விட்டகலவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா 1935-ல் நிகழ்ந்தபோது, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று வேண்டும் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். அதன்பின் ஏறத்தாழ இருபதாண்டுகள் அதற்காக உழைத்தார். புற்றுநோய் கண்டோர் இறக்கத்தானே செய்வர், அவர்க்கொரு மருத்துவமனை எதற்கு என அக்காலத்து அமைச்சர் ஒருவர் கேட்டதாக டாக்டர் சாந்தா அம்மையார் பிற்காலத்தில் சொல்வதுண்டு. அக்கேள்விக்கு விடையாகவே அடையாற்றில் 1952-ல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பெற்றது. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்து 2021-ல் மறையுந்துணையும் அந்நிலையத்தை விட்டகலாத டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை வளர்த்தனர்.

அமைச்சர் கேட்ட அக்கேள்வி முற்றும் ஒழிந்துபோயிற்று என்று எண்ணுதற்கில்லை. புற்றுநோய் வந்தவுடன் சாவு என்று இப்பொழுது எவரும் சொல்வதில்லை; ஆனால் அது மீண்டும் வந்தது எனின், "இனி என்ன இருக்கிறது?" என்று கைவிரிப்போர் பலர். கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தைச் சார்ந்த எம் மங்களூர்ப் பக்கத்தில் மலத்தில் குருதி கண்டால் அதனைச் சூடு என்பர், மூலம் என்பர், மோர் குடிக்கச் சொல்வர். எம் தெருவில் உள்ளார் ஒரு பெரியவர் இவ்வாறே ஓராண்டைக் கழித்த பின்னர் மலக்குடற் புற்றுக்குச் சத்திர சிகிச்சை பெற்று நலமாகத் திரும்பினார். மும்மாதத்துக்கொருமுறை வந்து காட்டுமாறு மருத்துவர் பணித்திருந்தனர். நாட்கூலியும் பேருந்துச் செலவும் நோக்கி அவர் இரண்டாம் ஆண்டில் அதனை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் உட்காரும்போது அடியில் ஒரு வலி தோன்றி, இடக்காலில் இறங்கிற்று. வயலில் மூட்டை தூக்கியதன் பிடிப்பென்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டார். அவர் கதையின் எஞ்சிய பகுதியைப் பின்னர்க் கூறுவோம். முதலில் உடலின் அமைப்பை நோக்குதல் வேண்டும்.

மலக்குடலென்பது பெருங்குடலின் இறுதிப் பகுதி. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுடையது. வயிற்றிலுள்ள ஏனைய குடல்கள் தாராளமான இடத்தில் அசைந்துகொண்டிருக்க, மலக்குடலோ இடுப்பெலும்புகளாலாய ஒரு குறுகிய கூட்டினுள் அடைபட்டிருக்கின்றது. அதன் பின்னே முதுகெலும்பின் அடியாகிய திரிகவெலும்பு, முன்னே சிறுநீர்ப்பை, ஆடவர்க்குப் புராஸ்டேட் சுரப்பியும் பெண்டிர்க்குக் கருப்பையும் பிறப்புவாயும், இருபக்கமும் கால்களுக்குச் செல்லும் பெருங்குருதிக் குழாய்களும் நரம்புகளும். மலக்குடலைச் சுற்றிலும் கொழுப்பாலாய உறை ஒன்றுண்டு. நிணநீர்க் கணுக்கள் அதனுள் பொதிந்துள்ளன. குடலின் உட்சுவரில் தோன்றும் புற்று சுவரைத் துளைத்து முதலில் இவ்வுறையினுள் இறங்கி, அக்கணுக்களில் தங்குகின்றது. இவ்வொரு செய்தியை மனத்திற் கொள்வோர்க்கு இனி வருவன யாவும் எளிதில் விளங்கும்.

சத்திரஞ் செய்த பின்னர் நோய் மீளுதல் இருவகைப்படும். ஈரல், நுரையீரல் முதலிய தொலைவுறுப்புக்களில் தோன்றுதல் ஒருவகை. புற்று முன்பிருந்த இடுப்புக்கூட்டினுள்ளேயே தோன்றுதல் மற்றொரு வகை. ஈண்டு நாம் பேசுவது பின்னதையே. கண்ணுக்குத் தெரியாத அளவில் எஞ்சிய புற்றணுக்களே அதற்குப் பெரும்பாலும் காரணம். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளரைக் கேட்டால் இதற்கோர் ஒப்புமை கிடைக்கும். பிசைந்த களிமண்ணில் ஒரு சிறு குறை தங்கிவிடின் வனைந்த பாண்டம் காண்பதற்கு அழகாகவே இருக்கும், மேற்பூச்சும் ஒளிரும், சூளையில் வேகும்போதுதான் அவ்விடத்தில் விரிசல் காணும். அவ்வாறே சத்திரப் புண் நன்கு ஆறி, நோயாளி உண்டு உறங்கி நடமாடும் நாளிலும் அடியில் தங்கிய எச்சம் மெல்ல வளரக்கூடும். இங்ஙனம் மீள்வனவற்றுட் பெரும்பாலன முதல் மூன்றாண்டுகளுக்குள் வெளிப்படுகின்றன. ஐந்தாண்டுகளின் பின்னர்த் தோன்றுவன சிலவே.

இவ்வெச்சத்தின் மருமத்தை ஆராய்ந்தவருள் முதலில் வைத்தெண்ணத் தக்கவர் இலண்டன் நகரத்துச் சத்திர வைத்தியர் எர்னஸ்ட் மைல்ஸ் என்பவர். அவர் காலத்தில் மலக்குடற் புற்றைப் பிட்டத்தின் வழியே அறுத்தெடுத்தலே பெருவழக்காயிருந்தது. மைல்ஸ் தாம் அவ்வாறு சத்திரஞ் செய்த 57 பேரின் பின்வரலாற்றை ஒளிவுமறைவின்றி ஆராய்ந்தார். 54 பேருக்கு மூன்றாண்டுகளுக்குள் நோய் மீண்டிருந்தது. தம் தோல்வியைத் தாமே எண்ணி எழுதிய அந்நேர்மை பாராட்டற்குரியது. இறந்தோரின் உடல்களைச் சோதித்து, நோய் மேல்நோக்கியும் பக்கநோக்கியும் கீழ்நோக்கியும் பரவுதலைக் கண்ட அவர், வயிற்றின் வழியும் பிட்டத்தின் வழியும் ஒருங்கே புகுந்து மலக்குடல் முழுவதையும் அதன் நிணநீர்ப் பகுதிகளோடு எடுக்கும் முறையை 1908-ல் வெளியிட்டார். குதமும் உடன் நீங்குதலின், நோயாளி தம் வயிற்றில் அமைக்கப்பட்ட வாய்வழியே மலங்கழிக்க வேண்டியவரானார். எனினும் மீட்சி பெரிதுங் குறைந்தது.

அதன்பின் முக்கால் நூற்றாண்டு கழித்து, இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்னும் ஊரிலிருந்த ஹீல்ட் என்னும் வைத்தியர் 1982-ல் ஓர் உண்மையை வலியுறுத்தினார். மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புறையைச் சத்திர வைத்தியர் கையாற் கிழித்துப் பிரிக்குமிடத்து அதன் துணுக்குகள் இடுப்பினுள் எஞ்சுகின்றன. அத்துணுக்குகளில் உள்ள புற்றணுக்களே மீட்சிக்கு வித்து. ஆதலின், உறையைச் சிறிதுங் கிழியாமல் கூரிய கருவியால் கண்முன்னே பிரித்து முழுமையாக எடுத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையைத் தழுவிய இடங்களிலெல்லாம் மீட்சி மிகக் குறைந்தது. சத்திரத்துக்கு முன்னரே கதிர்ச் சிகிச்சை அளித்தலும் துணைசெய்தது. சுவீடன் தேசத்தில் நடந்து 1997-ல் வெளியான ஆராய்ச்சியில், ஐந்தாண்டுக்குள் நிகழும் இடுப்பு மீட்சி நூற்றுக்கு 27 என்பதிலிருந்து 11 ஆகக் குறைந்தது. ஹீல்டின் முறைப்படி சத்திரஞ் செய்யப்பட்டோரிடையே ஒல்லாந்தர் நடத்தி 2001-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரண்டாண்டு மீட்சி 8.2-லிருந்து 2.4 ஆயிற்று. மீட்சிக்குச் செய்யத்தக்க மிகச் சிறந்த சிகிச்சை முதற் சத்திரத்தைச் செவ்வனே செய்தலே என்பது இவற்றாற் பெறப்படும். முதன்முறையிலேயே தேர்ந்த கைகளை நாடுதல் வேண்டுமென்று நாம் நம் சுற்றத்தார்க்கு எடுத்துரைத்தல் கடன்.

நிற்க. எத்துணைக் கவனமாகச் செய்யினும் சிலருக்கு நோய் மீளத்தான் செய்கின்றது. அதனை அறிதல் எவ்வாறு? அமரும்போது அடியிடுப்பில் வலி, பிட்டத்திலிருந்து தொடைக்கு இறங்கும் நோவு, குருதி அல்லது சளி ஒழுகுதல், சிறுநீர் கழிப்பதில் இடர், ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியன அறிகுறிகள். ஆனால் இவை தோன்றும் நேரத்தில் நோய் பெரும்பாலும் நரம்பையோ எலும்பையோ தொட்டிருக்கும். ஆகையால் அறிகுறிக்குக் காத்திராமற் சோதித்தலே அறிவுடைமை. முதலிரண்டு மூன்றாண்டுகள் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கொருமுறை மருத்துவர் உடலைச் சோதிப்பர்; சி. ஈ. ஏ. என்னும் பொருளின் அளவைக் குருதியிற் காண்பர்; குறித்த காலங்களில் சி. டி. படம் எடுப்பர்; குடலினுள்ளே குழாய்க்கருவி செலுத்தி நோக்குவர். நலமாயிருக்கும்போது மருத்துவமனைக்குச் செல்வது வீண்செலவென்று தோன்றலாம். நலமாயிருக்கும்போது கண்டறியப்படும் மீட்சியே சத்திரத்தால் தீரத்தக்க மீட்சி என்பதை மறத்தலாகாது.

ஐயம் எழுந்தவிடத்து, எம். ஆர். ஐ. படத்தால் புற்று எவ்வுறுப்பைத் தொட்டிருக்கின்றதென்று காண்பர். பெட் ஸ்கேன் முதலியவற்றால் உடலின் பிறபகுதிகளில் அது பரவியுள்ளதா என்று நோக்குவர். இயன்றவிடத்து ஊசியால் சிறுதுணுக்கு எடுத்து உருப்பெருக்கியில் வைத்து உறுதிசெய்வர். கத்தி பட்டாற் புற்று பரவும் என்று கிராமங்களில் ஒரு பேச்சுண்டு. முறைப்படி திட்டமிட்டுச் செய்யுஞ் சோதனையினாலும் சத்திரத்தினாலும் நோய் பரவுதற்கு அஞ்சவேண்டுவதில்லை. அவ்வச்சத்தால் இழக்கப்படும் மாதங்களே நோயைப் பரவச்செய்வன.

மீண்டெழுந்த புற்றைச் சத்திரஞ் செய்தல் முதற் சத்திரத்தினும் பன்மடங்கு அரிது. முதற்சத்திரத்தில் கொழுப்புறை வேலிபோல் நின்று வழிகாட்டும். இரண்டாம் முறையில் அவ்வேலி இல்லை. முன்னைய சத்திரத்தாலும் கதிராலும் உறுப்புக்கள் ஒன்றோடொன்று வடுவால் ஒட்டிக்கிடக்கும். எது வடு, எது புற்று என்று கைக்கும் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே ஒட்டிய உறுப்பைப் புற்றிலிருந்து உரித்தெடுக்க முயலாமல், அவ்வுறுப்பையும் சேர்த்தே ஒரு பிழம்பாக எடுத்தல் விதியாயிற்று.

புற்று இருக்குந் திசைக்கேற்பச் சத்திரமும் வேறுபடும். முன்பு குடலை இணைத்த இடத்திலேயே நடுவில் தோன்றியதாயின் எஞ்சிய மலக்குடலை அகற்றுதலோடு பெரும்பாலும் அமையும். நற்பயன் மிகுதியும் கிடைப்பது இவ்வகையிற்றான். முன்புறம் சென்றதாயின் பெண்டிர்க்குக் கருப்பையும் பிறப்புவாயின் பகுதியும், ஆடவர்க்குப் புராஸ்டேட்டும், சிலபோது சிறுநீர்ப்பையும் உடன் எடுக்கப்படும். பின்புறம் சென்றதாயின் திரிகவெலும்பின் கீழ்ப்பகுதியை அறுத்தெடுப்பர். எலும்பில் மேலேறிச் செல்லச் செல்ல, கால்களையும் சிறுநீரையும் ஆளும் நரம்புகள் இழக்கப்படுதலின் இடர் மிகும். பக்கச் சுவரில் குருதிக்குழாய்களையும் கால்நரம்பையும் பற்றியதே யாவற்றினும் கடினமானது.

இடுப்பினுள் உள்ள உறுப்புக்களை ஒருங்கே அகற்றும் இப்பெருஞ் சத்திரத்தை நியூயார்க் நகர மெமோரியல் மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிரன்ஷ்விக் என்பவர் 1948-ல் வெளியிட்டார். அவர் முதலிற் செய்த 22 பேருள் ஐவர் சத்திரத்தின் விளைவாகவே இறந்தனர். சிறுநீரை வெளியேற்ற அக்காலத்தில் நல்ல வழியும் இருந்ததில்லை. சிறுகுடலின் ஒரு துண்டைக் குழாயாக்கி வயிற்றுத்தோலில் திறக்கும் உபாயத்தை 1950-ல் பிரிக்கர் என்பவர் வெளியிட்ட பின்னரே சிறுநீர்ப்பை இழந்தோர் நெடுநாள் வாழ்தல் எளிதாயிற்று. இந்நாளில் இச்சத்திரத்துக்குக் குடல், சிறுநீர், எலும்பு, குருதிக்குழாய் ஆகிய துறைகளின் சத்திர வைத்தியர் பலர் ஒருங்குகூடுவர். வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ தசையைத் திருப்பி வெற்றிடத்தை நிரப்புவோரும் உடனிருப்பர். காலையில் தொடங்கிய வேலை இரவில் முடிதலும் உண்டு. முன்பு கதிர் பெறாதவர்க்குச் சத்திரத்துக்கு முன் மருந்தும் கதிரும் சேர்த்தளிப்பர். முன்பே பெற்றவர்க்குத் தக்கோராயின் குறைந்த அளவில் மறுமுறையும் கதிர் அளித்தல் உண்டு.

இவ்வளவு பெரிய இழப்பால் பெறும் பயன் யாது? இங்கே மருத்துவரின் குழூஉக்குறி ஒன்றை வாசகர் அறிந்துகொள்ளுதல் நலம். எடுத்த பிழம்பின் விளிம்பில் உருப்பெருக்கியாற் பார்த்தும் புற்றணு இல்லையாயின் அதனை "ஆர் சுழி" என்று குறிப்பர். கண்ணுக்குத் தெரியாமல் உருப்பெருக்கிக்கு மட்டும் தெரிந்தால் "ஆர் ஒன்று". கண்ணுக்கே தெரியும் அளவு எஞ்சினால் "ஆர் இரண்டு". நோயாளியின் வருங்காலம் முழுவதும் பெரும்பாலும் இக்குறியில் அடங்கியிருக்கின்றது. பல நாட்டு மருத்துவமனைகளில் இச்சத்திரம் பெற்ற ஏறத்தாழ 1,200 பேரின் வரலாற்றைத் தொகுத்து 2018-ல் வெளியிட்டனர். அவருட் பாதிக்குச் சற்று மேற்பட்டோர்க்கே விளிம்பு தூயதாக அமைந்தது. அவ்வாறு அமைந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாண்டின் பின்னும் உயிருடனிருந்தனர். உருப்பெருக்கியில் மட்டும் எச்சம் தெரிந்தோருள் மூவரில் ஒருவர். கண்காண எஞ்சியோருள் ஏழில் ஒருவர். சத்திரத்தால் ஒரு மாதத்துக்குள் இறந்தோர் நூற்றுக்கு இருவரளவே. ஆயினும் கடுமையான பின்விளைவுற்றோர் மூன்றில் ஒரு பங்கினர். எச்சமின்றி எடுக்கலாம் என்னும் நம்பிக்கை உள்ளவிடத்து இச்சத்திரம் உயிரளிக்கும் என்பதும், அந்நம்பிக்கை இல்லாவிடத்துச் செய்யுஞ் சத்திரம் எஞ்சிய நாட்களைப் புண்ணோடு கழிக்கச் செய்யும் என்பதும் இக்கணக்கின் உட்பொருள்.

ஆதலின், தேர்ந்த சத்திர வைத்தியன் கத்தியை எடுக்க அறிந்தவன் மட்டுமல்லன். அதனைக் கீழே வைக்கவும் அறிந்தவன். நோய் தொலைவுறுப்புக்களில் அகற்றவியலாதபடி பரவியிருத்தல், இருகால் நரம்புகளையும் பற்றியிருத்தல், திரிகவெலும்பின் உச்சிவரை ஏறியிருத்தல், நெடுஞ்சத்திரத்தைத் தாங்கும் வலிமை உடலுக்கு இன்மை ஆகியவிடங்களில் பெரும்பாலும் சத்திரத்தைத் தவிர்ப்பர். தவிர்த்தல் கைவிடுதல் ஆகாது. கதிரால் வலியும் குருதிக் கசிவும் தணியும். மருந்தால் நோயின் வளர்ச்சி சிலகாலம் தடைப்படும். குடல் அடைபட்டால் வயிற்றில் வாய் திறந்து துயர் தீர்ப்பர். சிறுநீர்க்குழாய் அடைபட்டால் மெல்லிய குழாய் வைப்பர். கடும்வலிக்கு மார்பின் என்னும் மருந்து நன்மருந்து. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் கடுமையால் அது நம் நாட்டில் நோயாளிக்குக் கிடைப்பது அரிதாயிற்று. 2014-ல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. மருத்துவர் அளவறிந்து தரும் மார்பினைக் கண்டு அஞ்சி, நோயாளியை வலியில் துடிக்க விடுதல் இரக்கமுள்ளார் செயலன்று.

மேற்கூறிய பெரியவரின் நிலை இதுவே ஆயிற்று. வலி தோன்றி எட்டு மாதங்களின் பின்னர் அவர் சென்றபோது, நோய் எலும்பின் மேற்பகுதியையும் பக்கத்து நரம்பையும் பற்றியிருந்தது. மகன்மார் மருத்துவரைத் தனியே அழைத்து, "அப்பாவிடம் சொல்லவேண்டா, புண் ஆறவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்று வேண்டினர். இதுவே மங்கலம் என்னும் வழக்கு. அன்பினாற் செய்வதே ஆயினும், தன் உடலைப் பற்றிய முடிவைத் தான் செய்யும் உரிமையை நோயாளியிடமிருந்து அது பறித்துவிடுகின்றது. பெரியவரோ தாமே கேட்டார். மருத்துவரும் அருகே அமர்ந்து, சத்திரத்தால் நோய் முழுவதையும் எடுக்கவியலாது என்பதையும், வலியைத் தணிக்க இயலும் என்பதையும் மென்மையாகவும் மெய்யாகவும் கூறினார். அவர் வீடு திரும்பி, நிலத்தின் பத்திரங்களை ஒழுங்கு செய்தார்; பகைத்திருந்த பங்காளியை அழைத்துப் பேசினார். மருந்தின் உதவியால் வலி பெரிதும் அடங்கியிருந்தது. தம் தம்பிக்கும் மலத்தில் குருதி போவதை அறிந்து, "நான் வெட்கப்பட்டுக் கெட்டேன், நீ நாளைக்கே போய்க் காட்டிக்கொள்" என்று விரட்டினார். தம்பி அவ்வாரமே சென்றார். மருத்துவர் உறையணிந்த விரலாற் சோதித்து, பின்னர்க் குழாய்க்கருவியாலும் நோக்கி, அது வெறும் மூலமே என்று உறுதிகூறி அனுப்பினார். அண்ணன் அச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்த சில கிழமைகளில் அமைதியாக உயிர்நீத்தார்.

மீட்சி கண்டதாகச் சொல்லப்படுவோரும் அவர் வீட்டாரும் மருத்துவரைக் கேட்டறிய வேண்டுவன சில உள. நோய் இடுப்பில் மட்டும் உள்ளதா, வேறெங்கும் உள்ளதா? எச்சமின்றி எடுக்க இயலும் என்னும் நம்பிக்கை எவ்வளவு? எவ்வெவ் உறுப்பை இழக்க நேரும்? வயிற்றில் வாய் ஒன்றா, இரண்டா? இத்தகைய சத்திரத்தைப் பலமுறை செய்து பழகியோர் எங்குளர்? சத்திரம் வேண்டாவெனின் வலிக்கு வழி யாது? இவ்வினாக்களைக் கேட்பது மருத்துவரை ஐயுறுதல் ஆகாது; நல்ல மருத்துவர் இவற்றை விரும்பியே ஏற்பர். அடையாற்று நிலையமும், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும், எம் பகுதியினர்க்கு அணித்தாகிய புதுச்சேரி ஜிப்மரின் புற்றுநோய்ப் பிரிவும், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசாங்கம் நடத்தும் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும், மும்பையில் 1941 முதல் தொண்டாற்றும் டாட்டா நினைவு மருத்துவமனையும் இந்நோயாளர் நாடத்தக்கன. ஏழையர்க்கு அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. பணமில்லையென்று வீட்டிலிருத்தல் வேண்டா.

வயிற்றில் பையணிந்து வாழ்தல் இழிவென்று கருதிச் சத்திரத்தை மறுப்போரும் உளர். பையணிந்தவர் வயலில் உழைக்கலாம்; பள்ளியிற் கற்பிக்கலாம்; கோயிலிலும் விருந்திலும் எவரோடும் அமரலாம். அதனைக் கண்டு முகஞ்சுளிக்கும் அயலார்க்கே நாணம் உரியது.

சுவிசேஷத்தில் பெரும்பாடுள்ள ஸ்திரீ ஒருத்தியின் வரலாறு உண்டு. பன்னிரண்டாண்டு குருதிப்போக்கால் வருந்தி, வைத்தியரிடம் தன் கையிலிருந்த பொருளெல்லாம் இழந்து, பிறர் அறியாவண்ணம் கூட்டத்தினுள் பின்புறமாக வந்தாள் அவள். ஆண்டவர் அவளை அறியாதவர்போற் சென்றுவிடவில்லை. நின்று, திரும்பி, யார் என்று வினவினார். அவள் நடுங்கிக்கொண்டே முன்வந்து நிகழ்ந்தது முழுவதையும் எல்லார் முன்னிலையிலும் கூறினாள். நாணத்தால் ஒளித்த நோயை அவள் வெளிப்படக் கூறியபோது அவளைக் கடிந்துரைத்தார் எவருமில்லை. மகளே என்றழைத்துச் சமாதானத்தோடு அனுப்பினார் அவர். நம் வீடுகளிலும் இவ்வாறு நடுங்கிக்கொண்டு பின்னிற்போர் இருப்பர். நாம் நின்று, திரும்பி, அன்போடு வினவுவோமாக. அவர் வாய்திறந்து சொல்லுஞ் சொல் எத்துணைக் கூச்சந் தருவதாயினும், அதனைச் செவிகொடுத்துக் கேட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக.